கால்கள் கேட்ட பாட்டு

தம்பி, தங்கைகளே! உலகின் தலைசிறந்த ராக் பாடல்கள் என்று அடிக்கடி பட்டியல் போடுவார்களே, பார்த்திருக்கிறீர்களா? கிட்டாரும் டிரம்ஸும் அதிரும் அந்த இசையின் வேரைத் தேடிப் போனால், அமெரிக்கப் பருத்திக் காடுகளில் பாடுபட்ட கறுப்பின மக்களின் வேலைப் பாட்டில் போய் நிற்போம். அதிலிருந்து ‘புளூஸ்’ வந்தது. 1950களில் ராக் பிறந்தபோது, அதற்குத் தாய்ப்பால் கொடுத்தது அந்தப் புளூஸ்தான்.

நம் நெல்லைச் சீமையிலும் அப்படி ஒரு பாட்டு உண்டு. மேடைக்காகப் பிறந்ததல்ல, நடப்பதற்காகப் பிறந்தது. அதுதான் காவடிச்சிந்து.

குற்றால மலையில் பிறந்து, சீவலப்பேரி அருகே தாமிரபரணியில் கலக்கிறதே சிற்றாறு, அதன் கரையில் இருக்கும் ஊர் வீரகேரளம்புதூர். தமிழ்ப் புலவர்களை ஆதரித்த ஊற்றுமலை ஜமீன்தார் இருதயாலய மருதப்பத் தேவரின் அரண்மனை அங்கேதான் இருந்தது. அவரிடம் வந்து சேர்ந்தார் ஓர் இளைஞர். சங்கரன்கோவில் பக்கத்துச் சென்னிகுளத்தில் 1865-ல் பிறந்தவர். பெயர் அண்ணாமலை ரெட்டியார். திருவாவடுதுறை மடத்தில் தமிழ் படித்தவர். அங்கே அவருக்குப் பாடம் சொன்னவர்களில் ஒருவர் உ.வே. சாமிநாதையர். எப்பேர்ப்பட்ட வாத்தியார் பாருங்கள்!

ஜமீன்தார் கழுகுமலை முருகனுக்குக் காவடி எடுத்தார். போகும் வழியெல்லாம் பாடிச் செல்ல அண்ணாமலையார் பாட்டுக் கட்டினார்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கரிசல் காட்டு வெயில். தோளிலே காவடி. அதன் இரு முனையிலும் பால் செம்பு. இந்த நிலையில் ஒரு வெண்பாவை முணுமுணுத்துக்கொண்டு ஆடினால் கால் தடுக்கிவிடும்! ‘தகிட, தகிட’ என்று காலோடு சேர்ந்து குதிக்கிற பாட்டல்லவா வேண்டும்? ஏற்கெனவே பாமர மக்கள் காவடி எடுத்துப் போகையில் பாடிவந்த சிந்து மெட்டை அவர் எடுத்துக்கொண்டார். அடிக்கு அடி எதுகை வந்து மணி அடிப்பது போல விழும்படி சொற்களைக் கோத்தார். நடப்பவருக்கு மூச்சு வாங்க இடம். கூட வருபவருக்குத் தாளம் போட இடம். பொருளும் லேசானதல்ல. கழுகுமலை நகரின் வளம், கோயிலின் வளம், வாவியின் வளம், வள்ளியின் காதல் எல்லாம் அதில் உண்டு. படித்த புலவர் பாமரர் மெட்டில் பாடுவதா என்று அவர் கூச்சப்படவில்லை. எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது அதுதான்.

1891-ல் அவர் காலமானார். வயது 26தான்.

அப்போது கழுகுமலைக்குக் கிட்டத்தில், எட்டயபுரத்தில் சிறுவனாக இருந்தார் பாரதியார். பின்னாளில் அவரும் சிந்துகளை விரும்பி எழுதினார். பாஞ்சாலி சபதத்தின் பெரும்பகுதி நொண்டிச் சிந்தில் அமைந்ததுதான். கர்நாடக இசைக் கச்சேரிகளில் கடைசிப் பகுதியில் காவடிச்சிந்தைப் பாடும்போது, அதுவரை அசையாமல் இருந்த தாத்தாக்கள்கூடத் தொடையைத் தட்டுவதைப் பார்க்கலாம்.

பங்குனி உத்திரத்துக்குக் கழுகுமலை போனால், காவடி எடுப்பவரின் கால்களை முதலில் பாருங்கள். பிறகு பாட்டைக் கேளுங்கள்.