மறைத்தல் மருந்தன்று

வல்ல அல்லாஹ் மனிதனுக்கு அருளிய கொடைகளுள் தலையாயது அறிவு. மார்க்கம், உயிர், அறிவு, சந்ததி, பொருள் ஆகிய ஐந்தையும் காப்பதே ஷரீஅத்தின் நோக்கம் என்பர் இமாம்கள். போதையோ இவ்வைந்தையும் ஒருங்கே அழிக்கிறது.

திருமறை மதுவைத்தானே விலக்கிற்று, கஞ்சாவும் மாத்திரையும் அதில் அடங்குமா என்று சில இளைஞர் வினவுகின்றனர். போதை தரும் அனைத்திற்கும் மதுவின் சட்டமே என்றும், மிகுதியாக உண்டால் மயக்குவது சிறிதளவாயினும் ஹராமே என்றும் பெருமானார் (ஸல்) அவர்கள் தெளிவாக்கி விட்டார்கள். 14-ஆம் நூற்றாண்டிலேயே இமாம் ஸர்கஷீ (ரஹ்) அவர்கள் கஞ்சா வகையைச் சேர்ந்த ஹஷீஷ் ஹராம் என விளக்கித் தனி நூல் யாத்தார்கள்.

இன்று வலி நீக்கும் மாத்திரைகளைக் கரைத்து ஊசியேற்றிக் கொள்ளும் கொடுமையும் தமிழகத்தில் காணப்படுகிறது. நேற்றுப் போதுமாயிருந்த அளவு இன்று போதாது. நிறுத்தினால் உடல் வலியும் வயிற்றுப்போக்கும் உறக்கமின்மையும் வாட்டும். அளவு மிஞ்சினால் மூச்சே நின்றுவிடும். சில காலம் விட்டிருந்தவன் மீண்டும் பழைய அளவையே எடுத்தால், பழக்கம் நீங்கிய உடல் அதனைத் தாங்காது மடிவதுண்டு. ஒரே ஊசியைப் பலர் பயன்படுத்துவதால் எய்ட்ஸ் கிருமியும் மஞ்சள் காமாலைக் கிருமியும் பரவுகின்றன.

2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. மெத்தனால் உடலினுள் ஃபார்மிக் அமிலமாக மாறிப் பார்வை நரம்பைச் சிதைக்கும். அந்நிலையில் ஒவ்வொரு நாழிகையும் உயிருக்கு ஈடானது. குடித்ததை மறைத்து வீட்டில் கிடப்பவன் அந்த நாழிகைகளையே இழக்கிறான்.

நம் இல்லங்களிலும் இந்த மறைத்தலே பெருந்தீங்காகிறது. சின்னாளப்பட்டியைப் போன்ற நெசவூரில் ஒரு தெருச் செய்தி மறுதெருவுக்குச் செல்ல வெகுநேரம் ஆகாது. ஆகவே அத்தாவுக்குத் தெரியாமல் தாய் மறைக்கிறாள். ஜமாஅத்துக்குத் தெரியாமல் அத்தா மறைக்கிறார். முடிவில், நிக்காஹ் செய்து வைத்தால் திருந்துவான் என்கின்றனர். ஐயோ! பெற்ற மகனின் நோயை மறைத்து, பிறர் பெற்ற மகளை மருந்தாக்குவது எவ்வளவு பெரிய மோசடி!

மது அருந்திய ஒருவர் தண்டனை பெற்றபோது அவரைச் சிலர் சபித்தனர். தம் சகோதரருக்கு எதிராக ஷைத்தானுக்கு உதவ வேண்டாம் எனப் பெருமானார் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். பாவத்தை வெறுத்த மார்க்கம் பாவியைக் கைவிடவில்லை. தறியில் இழை அறுந்தால் நெசவாளி பாவையே வெட்டி எறிவதில்லையே!

காவல்துறைக்கு அஞ்சுவோரும் ஒன்றை அறிய வேண்டும். 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தில் 64-ஏ என்றொரு பிரிவு உண்டு. போதைக்கு அடிமையானவர் சிறிதளவு வைத்திருந்த வழக்கில் சிக்கினாலும், தாமே முன்வந்து அரசு ஏற்ற மருத்துவமனையில் முழுச் சிகிச்சை பெற்றால், அது அவருக்கு விலக்களிக்கிறது. 14446 என்ற தொலைபேசி எண்ணில் இலவச ஆலோசனையும் கிடைக்கிறது. மருத்துவர் தரும் மருந்தும், தௌபாவும், தொழுகை அணியில் தோளோடு தோள் நிற்கும் ஜமாஅத்தும் சேர்ந்தே அவனை மீட்க வேண்டும்.

நம் மக்களை இத்தீமையினின்றும் காத்து, வீழ்ந்தோரை எழுப்பும் நல்லுள்ளத்தை ரஹ்மான் நமக்கு அருள்வானாக! ஆமீன்.