உங்களுக்குத் தெரியுமா? வயதாகும் மின் காருக்கு வாரண்டியை நீட்டிக்கலாமா?

சில ஆண்டுகளுக்கு முன் ஆசை ஆசையாய் மின் கார் வாங்கியவர்களுக்கு இப்போது போன் வருகிறது. "சார், உங்க வண்டிக்கு வாரண்டி முடியுது. இந்த மாசமே நீட்டிச்சுக்குங்க." பேட்டரி போனால் லட்சக்கணக்கில் செலவாகுமே என்ற பயத்தில் பலர் உடனே பணம் கட்டிவிடுகிறார்கள். ஆனால் அவர்கள் வாங்கும் தாளுக்கும் அந்தப் பயத்துக்கும் பெரும்பாலும் தொடர்பே இல்லை. கையெழுத்துப் போடும் முன் இவற்றைப் படித்துவிடுங்கள்.

ஒரு காருக்கு இரண்டு வாரண்டி

● மின் காருக்குப் பொதுவாக இரண்டு வாரண்டி உண்டு. முழு வண்டிக்கு ஒன்று, ஓட்டும் பேட்டரிக்குத் தனியாக ஒன்று. 2020 ஜனவரியில் விற்பனைக்கு வந்த டாடா நெக்ஸான் ஈவிக்கு வண்டி வாரண்டி 3 ஆண்டு அல்லது 1,25,000 கி.மீ. பேட்டரிக்கும் மோட்டாருக்கும் 8 ஆண்டு அல்லது 1,60,000 கி.மீ. முதலில் வாங்கியவர்களுக்கு வண்டி வாரண்டி 2023இல் முடிந்தது. கி.மீ. தாண்டாத வண்டிகளுக்குப் பேட்டரி வாரண்டி 2028 வரை இருக்கிறது.

● ஸ்ரீபெரும்புதூர் அருகே உள்ள ஹூண்டாய் ஆலையில் பூட்டப்பட்ட கோனா எலெக்ட்ரிக், 2019 ஜூலையில் வந்தது. அதன் பேட்டரிக்கும் 8 ஆண்டு அல்லது 1,60,000 கி.மீ. வாரண்டிதான். அந்த முதல் கார்களுக்குக் கெடு 2027.

● காசு கொடுத்து நீட்டிக்கும் வாரண்டியில் பேட்டரி பெரும்பாலும் சேராது. அமெரிக்காவில் டெஸ்லா விற்கும் நீட்டிப்புத் திட்டத்திலும் ஓட்டும் பேட்டரியும் மோட்டார் தொகுதியும் கிடையாது. பேட்டரியை நினைத்துப் பணம் கட்டுகிறோம். கையில் கிடைப்பதோ ஏ.சி., திரை, சார்ஜர், பவர் விண்டோ போன்றவற்றுக்கான பாதுகாப்பு.

● 8 ஆண்டில் 1,60,000 கி.மீ. என்றால் நாளுக்குச் சுமார் 55 கி.மீ. வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் மட்டும் ஓடும் காருக்கு ஆண்டுக் கணக்கு முதலில் முடியும். தினம் 200 கி.மீ. ஓடும் வாடகைக் காருக்கு 800 நாளில், அதாவது இரண்டேகால் ஆண்டுக்குள், கி.மீ. கணக்கு தீர்ந்துவிடும். "எது முதலில் வருகிறதோ அது" என்ற வரிதான் வாரண்டித் தாளிலேயே கனமான வரி.

பேட்டரி பயம் எங்கிருந்து வந்தது?

● பெங்களூரிலிருந்து 2001இல் வந்த ரேவா காரில் இருந்தது ஈய-அமில பேட்டரி. அந்த வகையைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும். வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியில் நாம் பார்ப்பதும் அதுதான். மின் கார் என்றாலே பேட்டரி செலவு என்ற எண்ணம் அந்தக் காலத்தில் வேர்விட்டது. இன்றைய லித்தியம் பேட்டரி திடீரென்று சாவது அரிது. மெல்ல மெல்லத் தேய்வதுதான் அதன் இயல்பு.

● எவ்வளவு தேயும்? வாகனத் தரவுகளைச் சேகரிக்கும் ஜியோடாப் நிறுவனம் 2019இல் சொன்ன சராசரி ஆண்டுக்கு 2.3 சதவீதம். 2024இல் சொன்னது 1.8 சதவீதம். பெரிய எண்ணையே எடுத்துக்கொண்டாலும் 8 ஆண்டில் ஏறக்குறைய 18 சதவீதம்தான் குறைகிறது. புதிதில் 250 கி.மீ. ஓடிய கார் 205 கி.மீ. ஓடும்.

● அமெரிக்காவின் ரிகரண்ட் நிறுவனம் 2023இல் சுமார் 15,000 மின் கார்களின் தகவலைப் பார்த்தது. கம்பெனியே கார்களைத் திரும்ப அழைத்த பெரிய ரீகால்களை நீக்கிவிட்டால், பேட்டரி மாற்றப்பட்டவை 1.5 சதவீதம் மட்டுமே. அவற்றிலும் பெரும்பாலானவை வாரண்டிக் காலத்துக்குள்ளேயே மாற்றப்பட்டவை.

● வெயில் பேட்டரிக்கு எதிரி. 2010 டிசம்பரில் வந்த நிஸான் லீஃப் காரின் பேட்டரியைக் குளிர்விக்கத் திரவ ஏற்பாடு இல்லை. அமெரிக்காவின் அரிசோனா பாலைவன வெயிலில் அதன் கொள்ளளவு எதிர்பார்த்ததைவிட வேகமாகக் குறைந்தது. வாங்கியவர்கள் வழக்குப் போட்டார்கள். அதன்பின் கொள்ளளவுக்கே தனி வாரண்டி தந்தது நிஸான். திரையில் தெரியும் 12 கோடுகளில் 9க்குக் கீழே போனால், 5 ஆண்டு அல்லது 60,000 மைலுக்குள் சரிசெய்து தருவோம் என்றது. கரூர், வேலூர் வெயிலில் வண்டி வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டிய கதை இது. நிழலில் நிறுத்துங்கள். முழு சார்ஜோடு நாள்கணக்கில் சும்மா நிறுத்தாதீர்கள்.

● தேய்மானத்தைப் பொறுத்தவரை, பல நிறுவனங்கள் கொள்ளளவு 70 சதவீதத்துக்குக் கீழே போனால்தான் பேட்டரி வாரண்டியைத் தருகின்றன. 71 சதவீதத்தில் நின்றால் ஒன்றும் கிடைக்காது. சில வாரண்டிகளில் அந்த எண்ணே எழுதப்பட்டிருக்காது. உங்கள் தாளில் என்ன இருக்கிறது என்று இன்றே பாருங்கள்.

● ஐரோப்பாவில் இந்தக் கொள்ளளவு வரம்பு இனி சட்டம். யூரோ 7 விதிகளின்படி மின் காரின் பேட்டரி 5 ஆண்டு அல்லது 1 லட்சம் கி.மீ. வரை 80 சதவீதமும், 8 ஆண்டு அல்லது 1,60,000 கி.மீ. வரை 72 சதவீதமும் தாங்க வேண்டும். 2026 மாடல் முதல் 8 ஆண்டுக்கு 70 சதவீத வாரண்டி தர வேண்டும் என்று கலிஃபோர்னியாவும் விதி வகுத்தது.

● வாரண்டியில் பேட்டரி மாற்றினால் புத்தம் புதியதுதான் வரும் என்று எண்ண வேண்டாம். பழுது நீக்கிய பேட்டரியையும் தரலாம் என்று பல வாரண்டிகளில் எழுதியிருக்கிறது. பேட்டரிக்குள் இருக்கும் ஒரு மாட்யூலை மட்டும் மாற்றித் தருவதும் உண்டு.

கெட்டுப்போவது வேறு பாகங்கள்

● டெஸ்லாவின் மாடல் எஸ், மாடல் எக்ஸ் கார்களில் சுமார் 1,35,000 வண்டிகள் 2021இல் ரீகால் செய்யப்பட்டன. காரணம், நடுத்திரைக்குப் பின்னால் இருந்த 8 ஜி.பி. மெமரி சிப். எழுதி எழுதி அது தேய்ந்ததும் திரை இருண்டது, பின்பக்கக் கேமரா வேலை செய்யவில்லை.

● இந்தியாவில் 2024இல் ஹூண்டாய் 1,744 ஐயோனிக் 5 கார்களைத் திரும்ப அழைத்தது. சார்ஜ் ஏற்றும் வேலையைக் கவனிக்கும் மின்னணுப் பெட்டியில் கோளாறு. அது கெட்டால் சிறிய 12 வோல்ட் பேட்டரிக்குச் சார்ஜ் ஏறாது. வண்டி வழியில் நின்றுவிடலாம்.

● அந்தச் சிறிய 12 வோல்ட் பேட்டரி கிட்டத்தட்ட எல்லா மின் காரிலும் உண்டு என்பதே பலருக்குத் தெரியாது. அது இறந்துவிட்டால், பெரிய பேட்டரி நிறைய சார்ஜ் இருந்தும் கார் கிளம்பாது. டயர், பிரேக் பேட், வைப்பர் வரிசையில் தேயும் பொருளாக அதை வைப்பதால் நீட்டித்த வாரண்டியில் பெரும்பாலும் வராது.

● பெட்ரோல் காரில் ஏ.சி. போனால் வியர்க்கும், அவ்வளவுதான். பல மின் கார்களில் பேட்டரியைக் குளிர்விப்பதும் அதே ஏ.சி. கம்ப்ரஸர்தான். அது உயர் மின்னழுத்தத்தில் ஓடுவது. அதற்குரிய எண்ணெய் வேறு. வெளிக்கடையில் வழக்கமான ஏ.சி. எண்ணெயை ஊற்றிவிட்டால் மின்காப்பு கெட்டு, வண்டியே கிளம்ப மறுக்கும். ஐந்து வயது தாண்டிய மின் காருக்கு நீட்டித்த வாரண்டி வாங்கத் தகுந்த காரணம் ஒன்று உண்டு என்றால், அது கம்ப்ரஸரும் காருக்குள்ளேயே இருக்கும் ஆன்போர்டு சார்ஜரும்தான். பட்டியலில் இந்த இரண்டும் இல்லாத திட்டத்தை வாங்காதீர்கள்.

● எலி கடித்த வயருக்குப் பொதுவாக வாரண்டி பணம் தராது. வெள்ளத்துக்கும் அப்படித்தான். பேட்டரிக்கு ஐபி67 தரம் என்றால் 1 மீட்டர் ஆழத் தண்ணீரில் 30 நிமிடம் தாங்கும் என்று பொருள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னைத் தெருக்களில் தண்ணீர் நாள்கணக்கில் நின்றது. அதற்கு உதவக்கூடியது காப்பீடு. பேட்டரிக்கான கூடுதல் பிரிவு உங்கள் பாலிசியில் இருக்கிறதா என்று கேளுங்கள்.

தாளில் மறைந்திருப்பவை

● காப்பீடு வேறு, வாரண்டி வேறு. மோதல், வெள்ளம், திருட்டு என்றால் காப்பீடு. தானாகக் கெட்டால் வாரண்டி. சாதாரண மோட்டார் பாலிசியில் இயந்திரக் கோளாறும் மின் கோளாறும் சேராது.

● "வாழ்நாள் வாரண்டி" பெரும்பாலும் முதல் உரிமையாளரின் கைக்குள் இருக்கும்வரைதான். மஹிந்திரா பிஇ 6 காரின் பேட்டரிக்கு முதல் தனிநபர் உரிமையாளருக்கு வாழ்நாள் வாரண்டி. கை மாறினால் அது 10 ஆண்டு அல்லது 2 லட்சம் கி.மீ. ஆகச் சுருங்கும். பழைய மின் கார் வாங்குவோர், வாரண்டி தங்கள் பெயருக்கு மாறுமா என்று எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்.

● பழைய கார் வாங்கினால் வாரண்டி நீங்கள் வாங்கிய நாளிலிருந்து தொடங்காது. அந்தக் கார் முதன்முதலில் விற்ற நாளிலிருந்துதான் கணக்கு.

● ரீகால் வந்தால் வாரண்டி முடிந்திருந்தாலும் பழுது இலவசம். அமெரிக்காவின் செவ்ரோலே போல்ட் மின் கார்கள் சுமார் 1,40,000 தீ அபாயத்துக்காகத் திரும்ப அழைக்கப்பட்டன. புதுப் பேட்டரி பொருத்தப்பட்ட கார்களுக்கு 8 ஆண்டு வாரண்டி மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. இந்தியாவிலும் 2020இல் 456 கோனா கார்கள் சோதனைக்கு அழைக்கப்பட்டன. வண்டி எண்ணைக் கொடுத்து நிலுவையில் ரீகால் உண்டா என்று கம்பெனியைக் கேளுங்கள். செலவில்லாத கேள்வி இது.

● போனில் வாரண்டி விற்பவர் எல்லாம் கார் கம்பெனி ஆட்கள் அல்லர். அமெரிக்காவில் மூன்றே மாதத்தில் 500 கோடிக்கும் மேல் கார் வாரண்டி அழைப்புகளை விடுத்த ஒரு கும்பலுக்கு 2023இல் அந்நாட்டுத் தொலைத்தொடர்பு ஆணையம் விதித்த அபராதம் கிட்டத்தட்ட 30 கோடி டாலர்.

● நார்வேயில் நீண்டநாள் உழைக்க வேண்டிய பொருளில் குறை இருந்தால் 5 ஆண்டு வரை விற்றவரிடம் முறையிடச் சட்டமே உரிமை தருகிறது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

● அமெரிக்காவின் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் இதழ் 2014இல் வெளியிட்ட ஆய்வில், காருக்கு நீட்டித்த வாரண்டி வாங்கியவர்களில் 55 சதவீதத்தினர் அதை ஒருமுறைகூடப் பயன்படுத்தவில்லை.

● ஒரு பேச்சுக்கு, 2 ஆண்டு நீட்டிப்புக்கு 36,000 ரூபாய் கேட்கிறார்கள் என்று வைப்போம். மாதம் 1,500 ரூபாய். அதே தொகையை மாதாமாதம் அஞ்சலகத் தொடர் வைப்பில் போட்டால், வண்டி கெடாவிட்டாலும் பணம் உங்களுடையது. ஒரே நேரத்தில் ஒரு லட்சம் ரூபாய் பழுதுச் செலவு வந்தால் சமாளிக்க முடியுமா? முடியும் என்றால் சேமிப்பு. முடியாது, அந்தக் கார்தான் பிழைப்பு என்றால் நீட்டிப்புக்கு அர்த்தம் உண்டு.

● ஓராண்டுக்குள் விற்கப்போகிறீர்களா? வாங்குபவர் பெயருக்கு மாற்றக்கூடிய நீட்டிப்பு என்றால் மட்டும் யோசியுங்கள்.

● பழைய வாரண்டி காலாவதியான பிறகு நீட்டிக்கப் போனால் பல இடங்களில் வண்டியைச் சோதித்த பின்பே ஒப்புக்கொள்வார்கள், சில இடங்களில் மறுத்துவிடுவார்கள். அதனால் முடிவை முடியும் தேதிக்கு ஒரு மாதம் முன்பே எடுங்கள். அதற்குள் எல்லாக் கோளாறுகளையும் சொல்லி, பழைய வாரண்டியிலேயே சரிசெய்து வாங்குங்கள்.

கவுண்டரில் கேட்க ஐந்து கேள்விகள்

1. எந்தெந்தப் பாகம் சேராது? அந்தப் பட்டியலை முதலில் காட்டுங்கள்.
2. இதைத் தருவது கார் கம்பெனியா, வேறு நிறுவனமா?
3. ஒரு பழுதுக்கு அதிகபட்சம் எவ்வளவு தருவீர்கள்? என் பங்கு எவ்வளவு?
4. லேபர் சார்ஜ், வண்டியை இழுத்து வரும் செலவு, 18 சதவீத ஜி.எஸ்.டி. எல்லாம் சேர்ந்ததா?
5. ஒரு சர்வீஸ் தவறினால் வாரண்டி போய்விடுமா?

● ஒவ்வொரு சர்வீஸிலும் பேட்டரி ஆரோக்கிய அறிக்கையைத் தாளில் கேட்டு வாங்குங்கள். ஜாப் கார்டுகளோடு சேர்த்து வையுங்கள். கொள்ளளவு குறைந்தது என்று பின்னால் முறையிடும்போது பேசப்போவது இந்தத் தாள்கள்தான்.

● நியாயமான க்ளெய்மை மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் கிடையாது.

● கடைசியாக ஒன்று. இன்று மாலை காரின் ஆர்.சி.யை எடுத்துப் பதிவுத் தேதியைப் பாருங்கள். அதோடு 8 ஆண்டைக் கூட்டி, ஓடோமீட்டரில் இன்றைய கி.மீ.யையும் சேர்த்து ஒரு சீட்டில் எழுதி, டேஷ்போர்டு பெட்டியில் வையுங்கள். அடுத்த முறை போன் வரும்போது அந்தச் சீட்டைப் பார்த்துவிட்டுப் பதில் சொல்லுங்கள்.