பழைய லேண்ட் குரூசருக்குப் பின்னால் ஒரு குட்டி வீடு

டொயோட்டா லேண்ட் குரூசர் 80 ஆஸ்திரேலியாவில் 1990-இல் விற்பனைக்கு வந்து 1998-இல் விடைபெற்றது. அதாவது, கடையை விட்டுப் போனது. சாலையை விட்டுப் போகவில்லை. இன்றும் அந்த நாட்டு நெடுஞ்சாலைகளில் சிறிய கேரவன் ஒன்றைப் பின்னால் மாட்டிக்கொண்டு ஓடுகிறது. படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் அடங்கிய சக்கர வீடு அது. இழுக்கும் வண்டிக்கோ முப்பது வயது. பழுதானால் கணினி தேடி அலைய வேண்டாம், ஸ்பானர் போதும் என்பது இதன் பெரிய கவர்ச்சி.

இந்த வண்டி 2,500 கிலோ வரை இழுக்கலாம் என்று டொயோட்டா சொன்னது. சிறிய கேரவன் ஒன்றரை டன்தான். பிறகென்ன, மாட்டிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதானே?

எஞ்சினைப் பொறுத்தவரை கிளம்பலாம். டர்போ இல்லாத 4.2 லிட்டர் டீசல் எஞ்சினின் முறுக்குவிசை சுமார் 285 நியூட்டன் மீட்டர். இன்றைய 2.8 லிட்டர் டொயோட்டா ஹைலக்ஸ் 500 வரை தருகிறது. மேட்டில் பழையது திணறும், பின்னால் வருபவர் பொறுமை இழப்பார், அவ்வளவே. கணக்கு உதைப்பது வேறு இடத்தில்.

ஒவ்வொரு கேரவனிலும் ஒரு தகடு அடித்திருப்பார்கள். காலி எடை ஒன்று, ஏற்றிய பின் தாண்டவே கூடாத மொத்த எடை இன்னொன்று. இரண்டாவதற்கு அங்கே ஏடிஎம் என்று பெயர். பணம் தராது, மீறினால் அபராதம் வாங்கித் தரும். காலி எடை 1,150, மொத்த எடை 1,500 என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 350 கிலோ. தொட்டியில் 80 லிட்டர் தண்ணீர், இரண்டு சிலிண்டரில் 18 கிலோ எரிவாயு என்றாலே ஏறக்குறைய 100 போய்விட்டது. அதன் பிறகுதான் பேட்டரி, கூடாரத் துணி, நாற்காலி, பாத்திரம், பிள்ளைகளின் சைக்கிள். ஆகவே விவரம் தெரிந்தவர்கள் முழுச் சுமையோடு எடை மேடையில் ஒருமுறை ஏற்றிப் பார்த்துவிடுவார்கள்.

எவ்வளவு ஏற்றினோம் என்பதைவிட எங்கே ஏற்றினோம் என்பதுதான் உயிர்நாடி. மாட்டுவண்டிக்காரருக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. பின்பாரம் கூடினால் நுகத்தடி மேலே தூக்கும், முன்பாரம் கூடினால் மாட்டின் கழுத்து நோகும். கேரவனிலும் கொக்கியின் மேல் அமரும் பாரம் மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு அளவில் இருக்க வேண்டும் என்பது ஆஸ்திரேலிய வழக்கம். 1,500 கிலோவுக்கு 150. அதை அளக்கக் குளியலறை எடைக்கருவியே போதும், அதன் அளவு வரம்புக்குள் பாரம் இருந்தால்: சமதரையில் கேரவனின் சக்கரங்களுக்கு அண்டை கொடுத்துவிட்டு, கருவியின் மேல் ஒரு மரத்துண்டை நிறுத்தி, கொக்கியை அதன்மேல் இறக்கினால் எண் தெரிந்துவிடும்.

அந்த 150 கிலோ காரின் பின் அச்சில் 150-ஆக மட்டும் இறங்குவதில்லை. கொக்கி அச்சுக்குப் பின்னால் 1.3 மீட்டர் தள்ளி இருந்தால், அது நெம்புகோல்போல வேலை செய்து முன் சக்கரங்களிலிருந்து ஏறக்குறைய 70 கிலோவைத் தூக்கிப் பின்னால் போடுகிறது. ஆக, பின் அச்சுக்கு 220. முப்பது ஆண்டு பாரம் தாங்கித் தளர்ந்த ஸ்பிரிங் இன்னும் அமுங்கும், மூக்கு மேலே போகும், ஸ்டீயரிங் லேசாகும், இரவில் முகப்பு விளக்கு எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும். சுமைக்கேற்ற புது ஸ்பிரிங் போடுவது பழைய வண்டிக்கு முதல் செலவாக இருக்க வேண்டும். பலர் முதலில் வாங்குவது கூரைமேல் வைக்கும் சாமான் சட்டத்தை. அது பாரத்தை இன்னும் ஏற்றிவிடும்.

பின்பாரம் மிகுந்த கேரவன் வேகத்தில் வாலாட்டும். நல்லார்பர் சமவெளியில் பாலடோனியாவுக்கும் கைகுனாவுக்கும் இடையே 146.6 கிலோமீட்டர் வளைவே இல்லாத சாலை இருக்கிறது. பக்கக்காற்று வேறு. எதிரே 36.5 மீட்டர் நீள லாரித் தொடர் கடந்தால் காற்று முதலில் தள்ளும், பிறகு உள்ளே இழுக்கும். அந்த நேரத்தில் ஆட்டம் தொடங்கினால் கால் தானாகப் பிரேக்கைத் தேடும். மிதிக்கக் கூடாது. ஆக்சிலரேட்டரை மெல்ல விட்டு, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து, கேரவனின் மின் பிரேக்கை மட்டும் கையால் இயக்க வேண்டும். அதற்கான சிறு கருவி ஓட்டுநர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். பின்னால் இருப்பது நின்றால் முன்னால் இருப்பது நேராகிவிடும். மேற்கு ஆஸ்திரேலியாவில் 110 என்று பலகை சொன்னாலும் கேரவன் இழுப்பவருக்கு 100தான் உச்சம். பழைய வண்டிக்கு 90 போதும். 80-இலிருந்து 100-க்குப் போனால் நிறுத்த வேண்டிய ஆற்றல் 56 சதவீதம் கூடுகிறது.

அடுத்த எதிரி சூடு. இந்த மாடலின் வெப்பமானி முள்ளுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. எஞ்சின் கணிசமாகச் சூடேறினாலும் நடுவிலேயே அசையாமல் நிற்கும். அது நகரும்போது நிலைமை கைமீறத் தொடங்கியிருக்கும். அனுபவசாலிகள் தனி வெப்பமானி ஒன்றைப் பொருத்திக்கொள்கிறார்கள். ரேடியேட்டரைச் சுத்தம் செய்வது, விசிறியின் பிடிமானத்தைச் சோதிப்பது, ஆட்டோமேட்டிக் என்றால் கியர் எண்ணெய்க்குத் தனிக் குளிர்விப்பான் போடுவது, ஏற்றத்தில் ஓவர்டிரைவை அணைப்பது எல்லாம் அதே வரிசையில் வரும்.

குயின்ஸ்லாந்தின் டூவூம்பா மலைச் சரிவு பெரிய லாரிகளையே திணற வைத்த இடம். 2019-இல் சரிவு குறைந்த சுங்கச்சாலை திறந்த பிறகும் பழைய பாதையில் வண்டிகள் இறங்குகின்றன. எந்த கியரில் ஏறுவோமோ அந்த கியரில்தான் இறங்க வேண்டும் என்று நம் மலைப்பாதை ஓட்டுநர்கள் சொல்வது அங்கேயும் செல்லும். கியரை உச்சியிலேயே குறைத்துவிட வேண்டும். பிரேக் எண்ணெய் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். மாற்றாமல் விட்ட பழைய எண்ணெய் நீண்ட சரிவில் கொதித்து ஆவியானால், மிதி தரைவரை போகும், வண்டி நிற்காது.

முகாமுக்குப் போய்ச் சேர்ந்ததும் ரிவர்ஸ் எடுக்க வேண்டும். ஸ்டீயரிங்கின் அடிப்பகுதியைப் பிடித்துக்கொண்டால், கை போகும் பக்கமே கேரவனும் போகும். ஈரப் புல்தரை என்றால் வேகம் குறைத்து வலுக் கூட்டும் லோ ரேஞ்சில் போட்டு, கிளட்ச் தேயாமல் ஊர்ந்து பின்னே வரலாம். சாதாரண காருக்கு இந்த வசதி கிடையாது. காய்ந்த தார்ச்சாலையில் மட்டும் வேண்டாம். லோ ரேஞ்ச் போட்டதும், முன் அச்சையும் பின் அச்சையும் தனித்தனி வேகத்தில் சுழலவிடும் நடு டிஃபரென்ஷியல் லேண்ட் குரூசர் 80-இல் பூட்டிக்கொள்ளும். அதற்கு முந்தைய 60 மாடலில் அந்த டிஃபரென்ஷியலே இல்லை. கெட்டித் தரையில் திரும்பினால் இரண்டிலும் அச்சுகள் ஒன்றோடொன்று முறுக்கிக்கொள்ளும்.