கூரையில் சூரியன்: கடனுக்கு முன் ஒரு கணக்கு

வீட்டுக் கூரையில் சூரிய மின்தகடுகள் அமைக்கக் கடன் கோரும் வாடிக்கையாளர்கள் பெருகி வருகின்றனர். 2024 பிப்ரவரியில் தொடங்கப்பெற்ற ‘பிரதமரின் சூரிய கர்’ திட்டம் இதற்கு முதன்மைக் காரணம். 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், 2 கிலோவாட்டுக்கு 60,000 ரூபாய், 3 கிலோவாட்டுக்கும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் என இத்திட்டத்தில் நடுவண் அரசின் மானியம் கிடைக்கிறது. 3 கிலோவாட் வரை பிணையில்லாக் கடனும் உண்டு.

மின்கட்டணத்தில் மிச்சமாகும் தொகையைக் கொண்டே கடன் தவணையைச் செலுத்திவிடலாம் என்பது பலரின் கணக்கு. ஆனால் தவணை எல்லா ஊருக்கும் ஒன்று. மின்விளைச்சல் ஊருக்கு ஊர் வேறு. திருவனந்தபுரம் மாவட்டத்துப் பொன்முடி மலை இதற்கு நல்ல சான்று.

மின்தகட்டில் குறிக்கப்பட்டுள்ள கிலோவாட் அளவு ஆய்வுக்கூடத்தில் பெறப்பட்டது. சதுர மீட்டருக்கு 1,000 வாட் ஒளியும் 25 டிகிரி செல்சியஸ் தகட்டு வெப்பமும் இருந்தால் மட்டுமே அவ்வளவு மின்சாரம் கிடைக்கும். கூரையிலோ நண்பகலில் தகட்டின் வெப்பம் 60 டிகிரியைத் தொடக்கூடும். 25 டிகிரிக்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் சிலிக்கான் தகட்டின் திறன் ஏறத்தாழ 0.3 முதல் 0.4 விழுக்காடு குறையும். அதாவது 60 டிகிரியில் பத்து விழுக்காட்டுக்கு மேல் இழப்பு. மின்தகட்டுக்கு வேண்டியது ஒளியே. வெப்பம் அதற்குப் பகை.

அப்படியெனில், கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,100 மீட்டர் உயரத்திலுள்ள குளிர்ந்த பொன்முடி ஏற்ற இடமன்றோ? கடற்கரையைவிட அங்கு ஏழு டிகிரி குறைவு எனக் கொண்டாலும், அதனால் கிடைக்கும் ஆதாயம் இரண்டு மூன்று விழுக்காடுதான். மூடுபனியும் மழைமேகமும் கவியும் நாளில் ஒளி பாதிக்கும் கீழே இறங்கிவிடும். குளிர் கொடுப்பதைவிடப் பனி பறித்துக்கொள்வது பன்மடங்கு. மலைச்சரிவும் மரங்களும் காலை மாலை வெயிலை மறைப்பது இன்னோர் இழப்பு.

நிழலைச் சிறிதென எண்ணலாகாது. தகட்டிலுள்ள சில்லுகள் சங்கிலிபோல் தொடராக இணைக்கப்பட்டவை. நீர்க்குழாயை ஓரிடத்தில் அழுத்தினால் முழு ஓட்டமும் குறைவதுபோல, ஒரு சில்லின்மீது விழும் தென்னோலை நிழல் அத்தொடரின் மின்னோட்டத்தையே தடுக்கும். உள்ளே பொருத்தப்படும் மாற்றுவழி டையோடுகள் இந்த இழப்பைக் குறைக்குமே தவிர, முற்றிலும் நீக்கா.

ஆகவே வாடிக்கையாளர் கேட்க வேண்டிய கேள்வி “எத்தனை கிலோவாட்?” என்பது மட்டுமன்று, “என் கூரையில் ஆண்டுக்கு எத்தனை யூனிட்?” என்பதாகும். நல்ல வெயில் படும் சமவெளியில் 1 கிலோவாட் நாளொன்றுக்கு ஏறத்தாழ 4 யூனிட் தரும். 2015 ஆகஸ்டில் கொச்சி விமான நிலையம் 12 மெகாவாட் சூரிய நிலையத்துடன் முழுவதும் சூரிய ஆற்றலில் இயங்கத் தொடங்கியதை நினைத்தால், மழை மிகுந்த கேரளத்திலும் இது நடக்கக்கூடியதே என்பது விளங்கும். அங்கே தகடுகள் விரிந்தது நிழலற்ற திறந்தவெளியில். பனிமலைக்கு அதே கணக்கைப் போடுதல் பொருந்தாது.

கடன் விண்ணப்பத்துக்கு முன் சிலவற்றை உறுதிசெய்துகொள்க. முதலாவது, ஓராண்டின் மின்கட்டணச் சீட்டுகளைச் சேர்த்துப் பார்த்து, உங்கள் தேவைக்கேற்ற அளவைத் தேர்ந்தெடுங்கள். இரண்டாவது, நிறுவுநரிடம் மழைக்கால மாதங்களையும் சேர்த்த விளைச்சல் மதிப்பீட்டை எழுத்தில் பெறுங்கள். மூன்றாவது, மானியம் அமைப்பு இயங்கத் தொடங்கிய பின்னரே கணக்கில் வரவாகும். அதுவரை முழுத்தொகைக்கும் வழி வேண்டும். நான்காவது, தகடு 25 ஆண்டுகள் உழைத்தாலும் இன்வெர்ட்டரை இடையில் ஒருமுறையேனும் மாற்ற நேரலாம். அச்செலவுக்குச் சிறு சேமிப்பு தேவை.

மற்றொன்றும் பலர் அறியாதது. மின்கலம் இல்லாமல் மின்வாரியக் கம்பியோடு இணைந்த அமைப்பு, மின்தடையின்போது தானே நின்றுவிடும். கம்பியில் பழுதுபார்க்கும் ஊழியரின் உயிரைக் காக்கவே இந்த ஏற்பாடு. மின்தடைக்கு மாற்று வேண்டுவோர் மின்கலத்தின் விலையையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

சூரியன் கட்டணம் கேட்பதில்லை; கடன் தவணை கேட்கும். விளைச்சலைக் குறைத்து மதிப்பிட்டு, அதற்குள் அடங்கும் தவணையைத் தேர்ந்தெடுத்தவருக்கு மழை மாதங்களும் கவலை தரமாட்டா.