சென்னை வீடுகளில் சோற்றுக்கற்றாழை வளர்ப்பு

சோற்றுக்கற்றாழை (அலோ வேரா) என்பது அஸ்போடெலேசியே குடும்பத்தைச் சேர்ந்த, சதைப்பற்றுள்ள இலைகளைக் கொண்ட பல்லாண்டுத் தாவரம் ஆகும். சித்த மருத்துவத்தில் இதற்குக் குமரி, கன்னி என்ற பெயர்களும் உண்டு. சென்னையில் மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு போன்ற பகுதிகளில் பால்கனியிலும் மொட்டைமாடியிலும் பரவலாக வளர்க்கப்படும் தொட்டிச்செடிகளுள் இதுவும் ஒன்று. தண்ணீர் ஊற்ற மறந்தாலும் சாகாத செடி என்று இது பெயர் பெற்றது. ஆனால் சென்னை வீடுகளில் இச்செடி அழிவது பெரும்பாலும் வறட்சியால் அன்று, ஈரத்தால்தான்.

தலைகீழாகத் தொங்கும் செடி

தியாகராய நகர்க் கடைவாசல்களிலும் மயிலாப்பூர் வீடுகளின் நிலைப்படிக்கு மேலும் வேரோடு பிடுங்கிய சோற்றுக்கற்றாழையைக் கயிற்றில் கட்டித் தலைகீழாகத் தொங்கவிட்டிருப்பதைக் காணலாம். திருஷ்டி கழிவதற்காகக் கட்டப்படும் இச்செடி, மண்ணும் நீரும் இல்லாமல் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். குருத்து ஒளியை நோக்கி மேலே வளையும். சில செடிகள் அந்த நிலையிலேயே பூக்கவும் செய்யும்.

இதற்குக் காரணம் இலையின் அமைப்பும் அது மூச்சுவிடும் முறையும் ஆகும். பெரும்பாலான செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து கரியமில வாயுவை எடுத்துக்கொள்ளும்; அப்போது நீராவியும் வெளியேறிவிடும். சோற்றுக்கற்றாழை இரவில், காற்று குளிர்ந்த பிறகுதான் இலைத்துளைகளைத் திறக்கிறது. உள்ளே வந்த வாயுவை மாலிக் அமிலமாகச் சேமித்து வைத்து, மறுநாள் பகலில் துளைகளை மூடிக்கொண்டு அதிலிருந்து உணவு தயாரிக்கிறது. இலையின் நடுவிலுள்ள 'சோறு' பெரும்பகுதி நீரே. தொங்கும் செடி அந்தச் சேமிப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவழித்து வாழ்கிறது. அதனால்தான் நாளாக ஆக அதன் இலைகள் மெலிந்து குழிவிழுகின்றன. இப்படிச் சுருங்கிய செடியை இறக்கி, காய்ந்த வேர்களை நறுக்கிவிட்டுத் தொட்டியில் நட்டால் பல சமயம் பிழைத்துக்கொள்ளும்.

வறண்ட அரேபியத் தீபகற்பமே இதன் பூர்வீகம் எனக் கருதப்படுகிறது. எனினும் 'அலோ வேரா' என்ற அறிவியல் பெயர் 1768-இல் வெளிவந்த, இந்தியத் தாவரங்களைப் பற்றிய 'ஃபுளோரா இண்டிகா' என்னும் நூலில்தான் நிக்கோலாஸ் பர்மனால் இடப்பட்டது. அதே ஆண்டில் பிலிப் மில்லர் இட்ட 'அலோ பார்படென்சிஸ்' என்ற பெயர் இன்றும் அழகுசாதனப் பொருள்களின் உறைகளில் காணப்படுகிறது. இரண்டும் ஒரே செடிதான்.

மண்ணும் தொட்டியும்

சென்னையின் மண் பகுதிக்குப் பகுதி மாறுகிறது. அடையாறு, திருவான்மியூர், சாந்தோம் ஆகிய கடலோரப் பகுதிகளில் மணற்பாங்கான மண் உண்டு. நீர் விரைவில் இறங்கிவிடும். தியாகராய நகரோ 1920களில் பழைய மாம்பலம் ஏரியின் படுகையில் உருவாக்கப்பட்ட குடியிருப்பு. அங்கும் மேற்கு மாம்பலத்திலும் களிமண் மிகுதி. வீட்டுக் கொல்லையிலிருந்து மண் எடுத்துத் தொட்டியை நிரப்புபவர்கள் இந்த வேறுபாட்டை அறிந்திருக்க வேண்டும். களிமண்ணில் வைத்த சோற்றுக்கற்றாழை கோடையில் நன்றாகத்தான் இருக்கும். ஐப்பசி மழையில்தான் அதன் நிலை தெரியும்.

செம்மண் ஒரு பங்கு, பருமணல் ஒரு பங்கு, நன்கு மக்கிய தொழுவுரம் அல்லது மண்புழு உரம் அரைப் பங்கு என்ற கலவை பொருத்தமானது. ஆற்று மணல் கிடைக்காவிட்டால் எம்-சாண்டைக் கழுவி, அதன் மாவு போன்ற தூளை நீக்கிவிட்டுப் பயன்படுத்தலாம்; அந்தத் தூள் கலந்தால் மண் இறுகிவிடும். கடற்கரை மணலில் உப்பு இருப்பதால் அது ஆகாது. கடைகளில் ஆயத்தமாகக் கிடைக்கும் தென்னைநார்க் கழிவு கலந்த மண் ரோஜாவுக்கு நல்லது. இச்செடிக்கு அது நீரைத் தேவைக்கு மேல் பிடித்து வைக்கிறது.

பிளாஸ்டிக் தொட்டியைவிட மண்தொட்டி மேலானது. அதன் பக்கங்கள் வழியாகவும் ஈரம் ஆவியாகும். வேர்கள் ஆழமாகச் செல்வதில்லை என்பதால் உயரத்தைவிட அகலமே முக்கியம். அடியில் துளை கட்டாயம் வேண்டும்.

நீர், மழை, வெயில்

சென்னையின் ஆண்டு மழை சராசரியாக 1,400 மி.மீ. அளவு. அதில் பாதிக்கும் மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில் பெய்துவிடுகிறது. ஆண்டின் மற்ற மாதங்களில் கவலையில்லாமல் இருந்த செடி இந்த மூன்று மாதங்களில்தான் அழுகுகிறது. நீர் தேங்கிய மண்ணில் காற்று இல்லாமல் வேர்கள் மடிய, அவ்வழியே கிருமிகள் தண்டுக்கு ஏறுகின்றன. அடி இலைகள் கண்ணாடி போலாகி, பழுப்பேறி, தொட்டால் குழைந்து துர்நாற்றம் வீசும். இலை வாடியிருப்பதைப் பார்த்து மேலும் நீர் ஊற்றுவதே பலர் செய்யும் தவறு. வேர் அழுகிய செடியும் நீரின்றி வாடிய செடியும் மேலோட்டமாக ஒரே மாதிரி தோன்றும். மண்ணில் விரல்விட்டுப் பார்த்தால் வேறுபாடு தெரிந்துவிடும்.

ஆகவே மழைக்காலத்தில் தொட்டிகளை மழைச்சாரல் படாத இடத்துக்கு மாற்றி, நீர் ஊற்றுவதை ஏறக்குறைய நிறுத்திவிட வேண்டும். தொட்டியின் கீழே வைக்கும் தட்டையும் எடுத்துவிடுவது நல்லது. தட்டில் தேங்கும் தெளிந்த நீரில்தான் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடுகிறது. முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும்.

மற்ற மாதங்களில் மேல்மண் இரண்டு அங்குல ஆழம் வரை காய்ந்த பிறகு நீர் ஊற்றினால் போதும். குடிநீர்ச் சுத்திகரிப்புக் கருவியின் கழிவுநீரைச் செடிக்கு ஊற்றும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. சோற்றுக்கற்றாழை உவர்ப்பை ஓரளவு தாங்கும். ஆனால் அதையே தொடர்ந்து ஊற்றினால் மண்மேல் வெண்ணிற உப்புப் படியும். ஏசியிலிருந்து சொட்டும் நீரில் உப்பு மிகக் குறைவு. இடையிடையே அதை ஊற்றலாம்.

வெயிலை விரும்பும் செடியானாலும், நிழலில் இருந்ததைக் கத்திரி வெயிலில் திடீரென்று மொட்டைமாடித் தளத்தில் வைத்தால் இலைகள் செம்பழுப்பாகும். மீண்டும் அரைநிழலுக்கு மாற்றினால் பச்சை திரும்பும். கிழக்குப் பார்த்த பால்கனி இதற்கு மிகவும் ஏற்றது.

கன்று பிரித்தல்

சோற்றுக்கற்றாழை பெரும்பாலும் தன் மகரந்தத்தால் தானே விதை பிடிப்பதில்லை. எனவே வீடுகளில் இது பக்கக் கன்றுகள் மூலமே பெருக்கப்படுகிறது. தாய்ச்செடியிலிருந்து பிரிக்கப்படும் கன்று மரபளவில் தாயின் நகலே. ஒரு வீட்டிலிருந்து கைமாறிக் கைமாறி ஒரு தெருவே வளர்ப்பது ஒரே செடியாகவும் இருக்கக்கூடும்.

ஓர் இலையை வெட்டி மண்ணில் செருகினால் செடி முளைக்கும் என்று காட்டும் காணொளிகள் இணையத்தில் ஏராளம். ரணகள்ளிக்கு இது பொருந்தும். அதன் இலை விளிம்பிலேயே புதிய செடிகள் தோன்றும். சோற்றுக்கற்றாழை இலையில் அத்தகைய வளர்முனை இல்லை. செருகிய இலை சில வாரம் பச்சையாக இருந்து, பிறகு அழுகிவிடும். இலையின் அடியில் தண்டின் ஒரு பகுதியும் சேர்ந்து வந்திருந்தால் மட்டுமே அரிதாகப் பிழைக்கும்.

நான்கைந்து இலைகளுடன் ஒரு சாண் உயரம் வளர்ந்த கன்றே பிரிப்பதற்கு ஏற்றது. தொட்டியைச் சாய்த்துச் செடியை மண்ணோடு வெளியே எடுத்து, மண்ணை உதிர்த்துக் கன்று தாயோடு இணையும் இடத்தைக் கண்டு, சுத்தமான கத்தியால் வெட்ட வேண்டும். வெட்டிய கன்றை உடனே நடக்கூடாது. இரண்டு முதல் நான்கு நாள் நிழலில் வைத்தால் வெட்டுவாய் உலர்ந்து மூடிக்கொள்ளும். பிறகு இலேசான ஈரமுள்ள மண்ணில் நட்டு, ஒரு வாரம் நீர் ஊற்றாமல் விடலாம். வேர் இல்லாமல் வந்த கன்றும் இம்முறையில் வேர்விடும். சென்னையில் இதற்குத் தை, மாசி மாதங்கள் சிறந்தவை. மழைக்காலத்தில் பிரித்த கன்றுகள் பல அழுகிப்போகும்.

அடி அழுகிய செடியையும் காப்பாற்ற இயலும். வெட்டுமுகத்தில் பழுப்பு நிறம் சிறிதும் இல்லாத அளவுக்குத் தண்டை மேலே நறுக்கி, எஞ்சிய தலைப்பகுதியைக் கன்றைப் போலவே உலர்த்தி நட வேண்டும்.

இலை அறுவடையும் மஞ்சள் பாலும்

இலைக்காக வெட்டும்போது வெளிப்புற அடி இலைகளையே எடுக்க வேண்டும், நடுக்குருத்தைத் தொடக்கூடாது. வெட்டியதும் தோலுக்கு அடியிலிருந்து மஞ்சள் நிறப் பால் வடியும். இதில் அலோயின் என்ற கசப்பான பேதிப்பொருள் உள்ளது. இப்பாலை உலர்த்திச் செய்வதே நாட்டுமருந்துக் கடைகளில் விற்கும் மூசாம்பரம், அதாவது கரியபோளம். வெட்டிய இலையைப் பத்து, பதினைந்து நிமிடம் நிமிர்த்தி வைத்துப் பாலை வடித்துவிட்டு, தோல் சீவிய சோற்றைப் பலமுறை அலசுவது மரபு. ஏழு முறை கழுவச் சொல்வது இதனால்தான். முழு இலைச்சாற்றை உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை, புற்றுநோய் உண்டாக்கக்கூடியது எனக் கருதப்படும் 2பி பிரிவில் சேர்த்துள்ளது. கருவுற்ற பெண்கள் இதை உட்கொள்ளக்கூடாது. நாய், பூனை வளர்க்கும் வீடுகளில் செடியை அவற்றுக்கு எட்டாத உயரத்தில் வைக்க வேண்டும்.

சாலையோரங்களில் வளரும் ஆனைக்கற்றாழையைச் சிலர் இதுவென்று எண்ணி இலை பறிப்பதும் உண்டு. அது அகேவ் என்னும் வேறு பேரினம். அதன் இலை நுனியில் ஊசி போன்ற கடினமான முள் இருக்கும். ஒடித்தால் சோற்றுக்குப் பதில் நார்தான் வரும். சாறு பட்டால் தோல் அரிக்கும்.