உஷார்! பிக்கப் இழுக்கிறதா? அலைன்மென்ட்டுக்கு முன் மூட்டைப் பாருங்கள்

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் பழைய பிக்கப் வைத்து லோடு அடிப்பவர்கள் இதை நிதானமாகப் படியுங்கள். வண்டி ஒரு பக்கம் இழுக்கிறது, ஸ்டீயரிங் நேராக நிற்பதில்லை, முன்டயர் ஓரமாகத் தேய்கிறது என்றால் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: அலைன்மென்ட் போயிருக்கும். கடையில் விடுகிறோம். மிஷினில் ஏற்றி, டை ராடைத் திருகி, அளவு சரியாகிவிட்டது என்கிறார்கள். சில நாள் நன்றாக ஓடும். பிறகு மறுபடி இழுக்கும், மறுபடி கடைக்குப் போவோம். இரண்டு முறை இப்படி நடந்துவிட்டால் மூன்றாவது முறை அந்தக் கடைக்குப் போகாதீர்கள். வண்டிக்கு அடியில் ஏதோ ஒரு மூட்டு தேய்ந்து ஆடிக்கொண்டிருக்கிறது. ஆடுகிற மூட்டின் மேல் வைத்த அளவு நிற்காது. அதைவிட மோசம், இழுப்பு என்பது வண்டி நமக்குக் கொடுக்கும் எச்சரிக்கை. அலைன்மென்ட் செய்து அதைத்தான் சில நாளைக்கு அடக்கிவைக்கிறோம்.

டை ராடு முனையில் இருக்கும் பந்து, தேய்ந்த குழியை விட்டு வெளியே வந்துவிட்டால் இரண்டு முன்சக்கரங்களும் தனித்தனி வழியில் போகும். டிரைவர் கையில் ஸ்டீயரிங் சுற்றும், ஆனால் சக்கரம் கேட்காது. பிரேக் மிதித்தாலும் வண்டி நேராக நிற்காது. இது காலை ஆறு மணிக்கு வண்டலூர் - வாலாஜாபாத் சாலையில் நடக்கிறது என்று வையுங்கள். எதிரே கம்பெனி பஸ், பக்கத்தில் ஷிஃப்டுக்கு ஓடும் பைக்குகள், பின்னால் ஜல்லி ஏற்றிய டிப்பர். விலகிக்கொள்ள அங்கே யாருக்கும் இடம் இருக்காது.

மிகைப்படுத்துகிறேன் என்று நினைக்க வேண்டாம். 2004 ஆகஸ்டில் ஜப்பானின் குமமோட்டோவில் டொயோட்டா ஹைலக்ஸ் சர்ஃப் வண்டி ஒன்றில், ஸ்டீயரிங் பாக்ஸின் அசைவைச் சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் ரிலே ராடு முறிந்தது. வண்டி எதிரே வந்த காரில் மோதி ஐந்து பேர் காயமடைந்தார்கள். அந்த ஆண்டே ஜப்பானில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட ஹைலக்ஸ் வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டன. 2005-ல் அமெரிக்காவில் 1989 முதல் 1995 வரை வந்த பிக்கப்புகளும் அதே குடும்பத்து வண்டிகளுமாகப் பத்து லட்சத்துக்குச் சற்றுக் குறைவாக அழைக்கப்பட்டன. குறையை நேரத்தோடு தெரிவிக்கவில்லை என்று 2010-ல் அமெரிக்க அரசு அந்த நிறுவனத்துக்குச் சுமார் 1.6 கோடி டாலர் அபராதம் போட்டது. ராடு முறியக் காரணமாகச் சொல்லப்பட்டது என்ன தெரியுமா? நின்ற இடத்திலேயே ஸ்டீயரிங்கை முழுசாக ஒடிப்பதை அடிக்கடி செய்தால் ராடில் விரிசல் விழுகிறது என்பதுதான்.

நம் தடத்தில் ஒவ்வொரு லோடு வண்டியும் தினமும் செய்வது அதைத்தானே? இருங்காட்டுக்கோட்டையிலும் வல்லத்திலும் சின்ன யூனிட்டின் ஒடுங்கிய கேட்டுக்குள் நுழைந்து, இரண்டு ட்ரெய்லருக்கு நடுவே ரிவர்ஸ் எடுத்து, லோடோடு நின்ற நிலையில் ஸ்டீயரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஒடிக்கிறோம். சக்கரம் ஒரு சுற்றாவது உருளும்போது ஒடித்தால் மூட்டுகளில் விழும் பாரம் வெகுவாகக் குறையும். கேட்டில் பின்னால் நிற்பவர் ஹாரன் அடித்தாலும் இந்த ஒரு பழக்கத்தை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

லோடு வைக்கும் விதத்தையும் பாருங்கள். குட்டி யானை என்று நாம் கூப்பிடும் டாடா ஏஸ் முக்கால் டன் கணக்கில் செய்யப்பட்ட வண்டி. அதில் பிரஸ் பாகங்கள் நிறைந்த இரும்புப் பெட்டிகளை ஃபோர்க்லிஃப்ட் வைத்த இடத்திலேயே, பின்கதவை ஒட்டி விட்டுவிட்டுக் கிளம்புகிறார்கள். பின்சக்கரத்துக்கும் பின்னால் பாரம் இறங்கினால் முன்பக்கம் தூக்கிக்கொள்ளும். ஸ்டீயரிங் லேசாகி, வண்டி ரோட்டில் அலையும். அது அலைன்மென்ட்டும் அல்ல, மூட்டும் அல்ல. பாரத்தை முன்னே தள்ளிக் கட்டினாலே சரியாகிவிடும். பாரம் எப்போதும் ஒரே ஓரமாக ஏறினால் அந்தப் பக்கத்துப் பட்டை (லீஃப் ஸ்பிரிங்) சீக்கிரம் ஓய்ந்துவிடும். ஒரு பட்டை ஒடிந்தாலோ சென்டர் போல்ட் அறுந்தாலோ பின் ஆக்ஸில் இடம் மாறி நிற்கும், வண்டி நண்டு மாதிரி சாய்ந்து ஓடும். பின்னால் வருகிறவர் பார்த்தால் தெரியும். சந்தேகம் இருந்தால் முன்சக்கர நடுவிலிருந்து பின்சக்கர நடு வரை இரண்டு பக்கமும் டேப் பிடித்து அளந்து பாருங்கள். ஸ்டீயரிங் நேராக இருக்கும்போது இரண்டு அளவும் கண்ணுக்குத் தெரிகிற அளவு மாறினால் யு போல்ட்டையும் பட்டையையும் கவனிக்காமல் முன்பக்கத்தைத் தொட்டுப் பயனில்லை.

இனி சோதனை. முதலில் காற்று. காலையில் டயர் சூடாவதற்கு முன் முன்டயர் இரண்டிலும் ஒரே அளவு இருக்கிறதா பாருங்கள். பிறகு முன்டயர்களை இடம் வலமாக மாற்றிப் போட்டு ஓட்டுங்கள். இழுப்பும் பக்கம் மாறினால் குற்றம் டயரில்தான். மாறாமல், ஓடி வந்ததும் ஒரு பக்கத்துச் சக்கரம் மட்டும் அனலடித்தால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. இவை எதுவும் இல்லையென்றால் மூட்டுக்கு வாருங்கள்.

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, பின்சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். சக்கரங்கள் தரையிலேயே இருக்கட்டும். ஒருவர் ஸ்டீயரிங்கை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சற்றே ஆட்ட வேண்டும். இன்னொருவர் பக்கவாட்டில் குனிந்து டார்ச் அடித்து ஒவ்வொரு மூட்டாகப் பார்க்க வேண்டும். ராடு அசைந்த பிறகு சற்றுத் தாமதித்துத்தான் அடுத்த பாகம் அசைகிறது என்றால் அந்த மூட்டு தேய்ந்துவிட்டது. ரப்பர் பூட் கிழிந்து உள்ளே செம்மண் போயிருந்தால் அதற்கும் நாள் நெருங்கிவிட்டது. ஸ்டீயரிங் பாக்ஸே சேஸிஸில் அசைகிறதா என்றும் பாருங்கள். பழைய வண்டியில் அந்தப் போல்ட் தளர்வதும், அந்த இடத்தில் சேஸிஸ் விரிசல் விடுவதும் உண்டு. மூட்டுகள் எல்லாம் கெட்டியாக இருந்தும் ஸ்டீயரிங் நிறைய வெறுமையாகச் சுற்றினால் பாக்ஸ் தேய்ந்திருக்கும்.

அடுத்து முன் ஆக்ஸிலை ஜாக்கியால் தூக்கி, ஸ்டாண்ட் முட்டுக் கொடுத்து, டயரின் மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். மிதித்ததும் ஆட்டம் நின்றால் வீல் பேரிங். நிற்காவிட்டால் கிங் பின், அல்லது உங்கள் வண்டியில் பால் ஜாயிண்ட் இருந்தால் அது. ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் வண்டிக்கு அடியில் போகக் கூடாது.

ஏஸ் மாதிரி முன்னால் நேர் ஆக்ஸிலும் பட்டையும் உள்ள வண்டியில், அலைன்மென்ட் கடைக்காரர் டை ராடைத் திருகி மாற்றக்கூடியது டோவை, அதாவது முன்சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் அளவை மட்டும்தான். டயர் சாய்ந்து நிற்கிறது, கேம்பர் சரியில்லை என்று மிஷின் காட்டினால் கிங் பின் தேய்ந்திருக்கிறது அல்லது ஆக்ஸில் வளைந்திருக்கிறது என்று அர்த்தம். ஆக்ஸிலைச் சூடு வைத்து நிமிர்த்தித் தருகிறேன் என்பவரிடம் வண்டியை விடாதீர்கள். இரும்பின் பலம் அந்தச் சூட்டில் போய்விடும்.

எனக்கு அதிகம் பயம் தருவது ஒட்டு வேலைகள்தான். தேய்ந்த டை ராடு முனையின் மூடியைச் சுத்தியலால் தட்டி ஆட்டத்தை எடுப்பார்கள். வளைந்த ராடுக்கு வெல்டு வைப்பார்கள். மூட்டின் ஆட்டத்தை மறைக்க ஸ்டீயரிங் பாக்ஸின் ஸ்க்ரூவை இறுக்குவார்கள். அப்படி இறுக்கிய பாக்ஸ் திருப்பத்தில் பிடித்துக்கொண்டு திரும்பி வராமல் போகலாம். நட்டைப் பூட்டும் ஸ்பிலிட் பின்னுக்குப் பதில் கட்டுக்கம்பி மாட்டுகிறவர்களும் உண்டு. டை ராடு முனை சில நூறு ரூபாய்ப் பொருள். ஸ்டீயரிங் பாகங்கள் செய்யும் ராணே ஆலை அதே வண்டலூர் - வாலாஜாபாத் சாலையில், வாரணவாசியில் இருக்கிறது. புது வண்டிகளைச் சோதிக்க ஒரகடத்தில் பெரிய ஆய்வு மையமே இருக்கிறது. இப்படிப்பட்ட இடத்தில் கட்டுக்கம்பியில் ஒரு லோடு வண்டி ஓடுவதை ஏற்க முடியாது.

எட்டு வருடம் தாண்டிய வண்டிக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. என்கிற தகுதிச் சான்றிதழ் உண்டு. ஆனால் ஒரு எஃப்.சி.க்கும் அடுத்த எஃப்.சி.க்கும் நடுவே ஒரு மழைக்காலம் வருகிறது. ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் நின்று மறைந்த பள்ளத்தில் ஒரு அடி விழுந்தால் போதும். சான்றிதழ் உள்ளே பத்திரமாக இருக்கும், மூட்டு போயிருக்கும். பெரிய அடி வாங்கிய அன்றைக்கே கீழே பாருங்கள்.

கம்பெனி டிஸ்பாட்ச் பார்ப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். லேட் ஆனால் அடுத்த ட்ரிப் கிடைக்காது என்ற பயத்தில்தான் டிரைவர் ரிப்பேரைத் தள்ளிப்போடுகிறார். ஸ்டீயரிங் வேலை என்று ஒருவர் அரை நாள் கேட்டால் கொடுங்கள்.

ஓட்டுகிறவர்களுக்கு: இன்று லோடு இறக்கியதும், வீட்டுக்குப் போவதற்கு முன், ஒருவரை ஸ்டீயரிங்கில் உட்காரவைத்து அந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள். எந்த மூட்டிலாவது ஆட்டம் தெரிந்தால், புது பாகம் மாட்டி, அதன் பிறகு அலைன்மென்ட் பார்க்கும்வரை வண்டியை ரோட்டில் எடுக்காதீர்கள்.