பசியாவரத்தின் வேனில் காலை: பழவேற்காடு ஏரியின் பறவைகளும் பூச்சிகளும்

பசியாவரம், திருவள்ளூர் மாவட்டம் பொன்னேரி வட்டத்தில், பழவேற்காடு ஏரியின் தென்பகுதியில் நீர் சூழ அமைந்த மீனவர் ஊராகும். சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில் உள்ள பழவேற்காட்டிலிருந்து இவ்வூருக்குச் செல்ல நெடுங்காலம் படகே வழியாக இருந்தது. மாசி, பங்குனி மாதங்களில் இவ்வூரைச் சுற்றியுள்ள சேற்றுத் திட்டுகளில், வலசை போகும் முன் இரை தேடும் பறவைகளையும் அவற்றுக்கு உணவாகும் சிற்றுயிர்களையும் ஒரே காலையில் காண முடியும்.

ஏரியின் இயல்பு

பழவேற்காடு ஏரி, ஒடிசாவின் சில்கா ஏரிக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரியாகும். இதன் பெரும்பகுதி ஆந்திரப் பிரதேசத்திலும் தென்பகுதி தமிழ்நாட்டிலும் உள்ளது. ஸ்ரீஹரிகோட்டாத் தீவு இதனை வங்காள விரிகுடாவிலிருந்து பிரிக்கிறது. தெற்கே ஆரணி ஆறும் வடமேற்கே காளங்கி ஆறும் ஏரியில் கலக்கின்றன. தமிழ்நாட்டுப் பகுதி 1980ஆம் ஆண்டில் பறவைகள் காப்பிடமாக அறிவிக்கப்பட்டது. அதன் பரப்பு 153.67 சதுர கிலோமீட்டர்.

ஏரி மிகவும் ஆழமற்றது. பல இடங்களில் இடுப்பளவு நீர்தான் இருக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழையில் ஆற்றுநீர் பெருகி உப்புத்தன்மை குறைகிறது. தை மாதத்துக்குப் பின் நீர் வற்றத் தொடங்கி உப்பு ஏறுகிறது. கோடையின் உச்சத்தில் சில பகுதிகளில் நீர் கடல்நீரைவிட உவர்ப்பாகிவிடும். நீர் வடிய வடியச் சேறு வெளிப்படுவதால், வேனிலின் தொடக்கம் நீர்க்கரைப் பறவைகளுக்கு வளமான காலமாகிறது.

சேற்றில் உள்ள உணவு

வெறும் மண்ணாகத் தோன்றும் சேற்றில் புழுக்களும் சிறு நத்தைகளும் நண்டுக் குஞ்சுகளும் பூச்சிகளின் இளவுயிரிகளும் நிறைந்துள்ளன. காலையில் நீர்மேல் புகைபோல் கூட்டமாகச் சுழலும் பூச்சிகளில் பல, கொசுவைப்போல் தோன்றினாலும் கடிக்காத ஒருவகை ஈக்களாகும். இவற்றின் இளவுயிரிகள் சேற்றில் வளர்கின்றன. அவற்றில் பலவற்றின் உடலில் ஹீமோகுளோபின் இருப்பதால் அவை சிவப்பாக இருக்கும். ஆக்சிசன் குறைந்த சேற்றிலும் பிழைக்க அது உதவுகிறது.

தட்டான்களில் பெரும்பாலானவை உவர்நீரில் முட்டையிடுவதில்லை. மழைக்குப் பின் தேங்கும் நன்னீர்க் குட்டைகளே அவற்றுக்கு ஏற்றவை. உலகெங்கும் பரவியுள்ள மஞ்சள் நிற நாடோடித் தட்டான் இத்தகைய குட்டைகளில் சில வாரங்களிலேயே வளர்ந்து முடிக்கிறது. இது இந்தியாவிலிருந்து கடலைக் கடந்து கிழக்கு ஆப்பிரிக்கா வரை செல்வதாக ஆய்வாளர்கள் கருதுகின்றனர். பங்குனியில் குட்டைகள் வற்றும்போது தட்டான்களும் குறைகின்றன. அதுவரை நீலவால் பஞ்சுருட்டானும் தகைவிலானும் அவற்றையும் பிற பூச்சிகளையும் பறந்தபடியே பிடித்து உண்கின்றன.

அலகும் இரையும்

ஒரே சேற்றுத் திட்டில் பல இனங்கள் அருகருகே மேய்வதற்கு அவற்றின் அலகு வேறுபாடே காரணம். குட்டை அலகுள்ள உப்புக்கொத்தி ஓடி, நின்று, கண்ணால் கண்ட இரையை மட்டும் கொத்தும். கொசு உள்ளான் மேற்பரப்பைத் துழாவும். கருவால் மூக்கன் நீண்ட நேரான அலகைச் சேற்றில் ஆழச் செலுத்தும். கோட்டானின் வளைந்த அலகு நண்டு வளைக்குள்ளும் நுழையும்.

பூநாரை தலையைக் கவிழ்த்து, அலகின் உட்புறமுள்ள சல்லடை போன்ற அமைப்பால் நீரை வடிகட்டி உண்கிறது. பெரிய பூநாரை சிற்றிறால் போன்ற உயிரிகளையும் பூச்சிகளின் இளவுயிரிகளையும் உண்ணும். சிறிய பூநாரை பெரும்பாலும் நீலப்பசும்பாசியை உண்ணும். இவற்றின் இளஞ்சிவப்பு நிறம் உணவிலுள்ள கரோட்டினாய்டுகளால் வருவது. மீசை ஆலா நீர்மேல் தாழப் பறந்து பூச்சிகளையும் சிறு மீன்களையும் எடுக்கும்.

புறப்படும் காலம்

மாசியும் பங்குனியும் வலசைப் பறவைகள் விடைபெறும் காலம். குளிர்காலத்தில் சாம்பல் நிறமாக இருந்த வளைமூக்கு உள்ளானின் அடிப்பகுதி செங்கல் நிறமாகிறது. மணல் உப்புக்கொத்தியின் மார்பில் செம்பட்டை தோன்றுகிறது. வளைமூக்கு உள்ளான் சைபீரியாவின் ஆர்க்டிக் பகுதிக்குச் சென்று இனப்பெருக்கம் செய்கிறது. பூநாரைகள் இந்தியாவில் குஜராத்தின் கட்ச் பாலைவெளியில் கூடமைக்கின்றன.

நெடும்பயணத்துக்குத் தேவையான கொழுப்பைப் பறவைகள் இச்சில வாரங்களில் சேர்த்தாக வேண்டும். ஒவ்வொரு முறை துரத்தப்படும்போதும் மேயும் நேரமும் சேமித்த ஆற்றலும் வீணாகின்றன. இதே பருவத்தில் உள்ளூர்ப் பறவையான சிவப்புமூக்கு ஆள்காட்டி திறந்த தரையிலேயே முட்டையிடத் தொடங்குகிறது. அது தலைக்குமேல் வட்டமிட்டுக் கத்தினால் முட்டையோ குஞ்சோ அருகில் உள்ளது என்பது பொருள்; அங்கிருந்து விலகிச் செல்ல வேண்டும்.

காணும் முறை

கடல் வற்றம் விடியலுக்குப் பின் வரும் நாட்கள் பார்வையிட ஏற்றவை. வற்றத்தின் நேரம் நாள்தோறும் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போவதால், உள்ளூர் மீனவர்களிடம் முன்னரே கேட்டறிவது நல்லது. சூரியனை முதுகுப்புறம் வைத்து நின்றால் நிறங்கள் தெளிவாகத் தெரியும். பறவைகள் மேய்வதை நிறுத்தித் தலை தூக்கினால், பார்ப்பவர் அளவுக்கு மீறி நெருங்கிவிட்டார் என்று கொள்ளலாம்.

மீனவர்களும் முகத்துவாரமும்

பறவைகள் மேயும் அதே நீரே ஏரியைச் சுற்றியுள்ள ஊர்களின் வாழ்வாதாரம். முகத்துவாரத்தை ஒட்டிய பகுதியில் மீன்பிடி இடங்களை முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் ‘பாடு’ என்னும் மரபு வழக்கத்தில் உள்ளது. இருளர் மக்களில் சிலர் நீரில் அமர்ந்து, பனையோலைப் பறியைப் பல்லால் கடித்துக்கொண்டு, கைகளால் தடவியே இறால் பிடிக்கின்றனர்.

வெள்ளை இறால் கடலில் முட்டையிடும். அதன் குஞ்சுகள் முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் வந்து வளர்ந்து, மீண்டும் கடலுக்குத் திரும்புகின்றன. கோடையில் மணல் சேர்ந்து முகத்துவாரம் அடைபட்டால் இறால் வரத்து நின்றுவிடும். கடல் ஏற்றவற்றமும் ஏரிக்குள் வராது. நாள்தோறும் மூழ்கி வெளிப்படும் சேற்றுத் திட்டுகள், ஒன்று நீருக்கடியிலேயே இருக்கும் அல்லது காய்ந்து வெடிக்கும். இரண்டு நிலையிலும் புழுக்களும் இளவுயிரிகளும் பறவைகளுக்குக் கிட்டாமல் போகின்றன.

சில்கா ஏரியிலும் இதே சிக்கல் இருந்தது. அங்கு 2000ஆம் ஆண்டில் புதிய முகத்துவாரம் வெட்டப்பட்ட பின் உப்புத்தன்மை சீரடைந்து மீன்வளம் பெருகியது. அழிவு அச்சத்துக்குள்ளான ஈரநிலங்களின் மாண்ட்ரோ பதிவேட்டிலிருந்து 2002ஆம் ஆண்டில் அந்த ஏரி நீக்கப்பட்டது. பறவைப் பாதுகாப்பும் மீனவர் வாழ்வும் ஒன்றுக்கொன்று எதிரானவை அல்ல என்பதற்கு அது சான்றாக உள்ளது. முகத்துவாரத்தைத் திறந்து வைக்க வேண்டும் என்னும் பழவேற்காட்டு மீனவர்களின் கோரிக்கை, பங்குனிக் காலையில் சேற்றில் மேயும் உள்ளானுக்கும் பொருந்துவதே.